பல்வங்கர் பாலூ

பல்வங்கர் பாலூ (மார்ச் 19, 1876 – சூலை 4, 1955) இந்தியத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரரும் தீண்டாமை எதிர்ப்பாளரும் அரசியலாளரும் ஆவார். இடதுகை மெதுவேகச் சுழற்பந்து வீச்சாளரான இவர், ஆங்கிலேயரின் சொந்த மண்ணில் அவர்களுடைய சிறந்த மட்டையாளர்களைத் தடுமாற வைத்த முதல் இந்தியப் பந்து வீச்சாளராகக் கருதப்படுகிறார். தோல் தொழில் செய்யும் சம்பார் சமூகத்தில் பிறந்தவர். உடன் ஆடியவர்களே இவருடன் அமர்ந்து தேநீர் அருந்த மறுத்த காலத்தில், அவ்வணியின் வெற்றிகளுக்கு இவரே பெரிதும் காரணமாக இருந்தார். பிற்காலத்தில் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். இவருடைய தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் ஆகிய மூவரும் முதல்தரத் துடுப்பாட்டம் ஆடியவர்களே.

பிறப்பும் இளமையும்

பாலூ அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாடில் பிறந்தார். 1875ஆம் ஆண்டு சூலையில் பிறந்தார் எனக் கூறுவாரும் உளர். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கடற்கரையை ஒட்டிய பல்வண் என்னும் சிற்றூர். பல்வங்கர் என்னும் குடும்பப் பெயர் அவ்வூரைக் குறிப்பது.

தந்தையார் படைத்துறை சார்ந்த பணியில் இருந்தமையால் குடும்பம் பூனாவுக்குக் குடிபெயர்ந்தது. பூனா அக்காலத்தில் பிரித்தானியப் படையின் பெரிய பாசறை நகரங்களுள் ஒன்று. அங்கிருந்த வெள்ளை அதிகாரிகள் ஆடி முடித்துப் போட்ட பழைய மட்டைகளையும் பந்துகளையும் கொண்டே பாலூவும் தம்பி சிவராமும் துடுப்பாட்டம் பழகினர். பள்ளிப் படிப்பை அதிகம் தொடர இயலவில்லை. குடும்ப வருமானத்திற்குத் துணை செய்ய வேண்டியிருந்தது.

பூனாவில் பார்சிகள் நடத்திய ஆடுகளம் ஒன்றில் இவருக்கு முதல் வேலை கிடைத்தது. தரையைக் கூட்டுவது, உருளை இழுத்துக் களத்தைச் சமப்படுத்துவது, உறுப்பினர்களின் வலைப்பயிற்சிக்கு எப்போதாவது பந்து வீசுவது ஆகியவை பணிகள். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892இல் ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராக இருந்த பூனா கழகத்தில் சேர்ந்தார். அங்கே சம்பளம் 4 ரூபாய் ஆயிற்று.

ஐரோப்பியர் கழகத்தில்

வலை கட்டுவதும் களம் பேணுவதும் தாம் இங்கும் அவருடைய வேலை. ஆனால் அவருடைய கைத்திறனைக் கண்ட திராசு என்னும் ஆங்கிலேயர் பந்து வீச ஊக்குவித்தார். சில நாட்களிலேயே கழக உறுப்பினர்களின் பயிற்சிக்குப் பாலூவின் பந்து வீச்சு தேவைப்படலாயிற்று. இவ்வகையில் அவரால் மிகுந்த பயன் பெற்றவர் கேப்டன் சே. கி. கிரேக்கு. அந்நாளில் இந்தியாவில் ஆடிய ஐரோப்பியருள் தலைசிறந்த மட்டையாளர் அவரே. மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே களத்திற்கு வந்து, பாலூவைப் பந்து வீசச் செய்து பயிற்சி எடுப்பது கிரேக்கின் வழக்கம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை எப்படியாயினும், ஒருவர் ஆடக் கற்றுக்கொள்ள மற்றவர் வீசக் கற்றுக்கொண்டார் என்பது மெய்.

ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் மணிக்கணக்கில் வீசிய பாலூவுக்கு அக்கழகத்தில் ஒருமுறை கூட மட்டை பிடிக்க வாய்ப்புத் தரப்படவில்லை. மட்டையாட்டம் துரைமார்களுக்கும் மன்னர்களுக்கும் உரியது, வியர்வை சிந்திப் பந்து வீசுவது பணியாளர் வேலை என்னும் எண்ணம் அக்காலத்தில் நிலவியது. இங்கிலாந்திலும் இவ்வேறுபாடு இருந்ததுதான். இந்தியாவில் அதனோடு நிறமும் சாதியும் சேர்ந்துகொண்டன.

இந்துக்கள் அணியில் இடம்

பூனாவின் இந்துக்கள் கழகம் உள்ளூர் ஐரோப்பியரை ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்று பெரிதும் விரும்பியது. அதே ஊரில், ஐரோப்பியரையே திணறடிக்கும் பந்து வீச்சாளர் ஒருவர் நாள்தோறும் வீசிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் தீண்டத்தகாதவர். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் கழகம் இரண்டுபட்டது. அணியிலிருந்த தெலுங்கர்கள் சேர்க்க வேண்டும் என்றனர். பூனாப் பிராமணர்களுள் சிலர் கூடாது என்றனர். இவ்வளவு திறமை உள்ளவரை ஒதுக்கினால் இந்துக்கள் தங்களுக்குத் தாங்களே கேடு செய்துகொள்வர் என்ற கருத்துப்பட கிரேக்கு செய்தித்தாள் ஒன்றில் கருத்துத் தெரிவித்தார். அவருடைய நோக்கம் சமூகச் சீர்திருத்தம் அன்று. வலையில் தாம் நன்கறிந்த பந்து வீச்சை மெய்யான போட்டியில் எதிர்கொண்டு பார்க்கும் ஆசையே அதில் மிகுதி எனலாம். முடிவில் பாலூ சேர்க்கப்பட்டார்.

சேர்க்கப்பட்டது களத்தில் மட்டுமே. ஆட்டத்தின்போது அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் கூடாரத்தின் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, பாலூவுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. அக்குவளை ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுவது. உணவு தனித் தட்டில், தனி இடத்தில். கை கால் கழுவத் தண்ணீர் வேண்டுமானால் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பணியாள் ஒருவர் வெளியே கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

இதிலுள்ள முரண்பாட்டை இங்கே குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. துடுப்பாட்டப் பந்து தோலால் ஆனது. சம்பார் சமூகத்தவர் தோலைத் தொட்டு வேலை செய்வதாலேயே தீட்டு உடையவர் எனப்பட்டனர். அந்தத் தோல் பந்தை நாள் முழுவதும் கையில் வைத்திருப்பதில் எவருக்கும் தடை இருக்கவில்லை. சாதி விதிகள் பெரும்பாலும் நீரையும் சமைத்த உணவையும் சுற்றியே அமைந்திருந்தன. எனவே ஆடுகளத்தில் தளர்ந்த வேலி, உண்ணும் இடத்தில் அப்படியே நின்றது.

ஐரோப்பியர் மட்டுமே உறுப்பினராக இருந்த சாத்தாரா கழகத்துடன் நடந்த போட்டி ஒன்று பெயர் பெற்றது. பாலூவின் பந்து சுழலாதிருக்கும் பொருட்டு அங்கே களத்தைப் பல நாட்கள் உருளையால் அழுத்தி வைத்திருந்தனர் என்பர். அப்படியும் அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இவ்வெற்றிக்காக அவர் யானை மீது ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டம் ஒன்றில் அவருக்கு மாலை அணிவித்துப் பாராட்டினார். ஒன்றாக ஆடக் கூடியவர்கள் ஒன்றாக உண்ணவும் வேண்டும் என்று மற்ற ஆட்டக்காரர்களுக்கு எடுத்துரைத்தார். மற்றொரு கூட்டத்தில் பால கங்காதர திலகரும் பாலூவைப் பாராட்டினார். சமூகச் சீர்திருத்தத்தில் ரானடேயும் திலகரும் எதிரெதிர் நிலையில் நின்றவர்கள். இருவரும் ஒருவரையே பாராட்டியதிலிருந்து வெற்றியின் மதிப்பு விளங்கும்.

பம்பாயில்

1890களின் பிற்பகுதியில் பாலூ பம்பாய்க்குச் சென்றார். அங்கு 112ஆம் காலாட்படைப் பிரிவிலும், பின்னர் பம்பாய் பரோடா மத்திய இந்திய இரயில்வேயிலும் பணியாற்றி, அவற்றின் அணிகளுக்காக ஆடினார். பம்பாயில் துடுப்பாட்டம் சமயவாரியாகப் பிரிந்து கிடந்தது. பார்சிகளுக்கு ஒன்று, இசுலாமியருக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று எனக் கடற்கரையை ஒட்டித் தனித்தனி ஜிம்கானாக்கள் எழுந்திருந்தன. பரமானந்ததாசு சீவன்தாசு இந்து ஜிம்கானா பாலூவைச் சேர்த்துக்கொண்டது. இங்கும் குசராத்தி உறுப்பினர் சிலர் எதிர்த்தனர். அணித்தலைவர் கீர்த்திகர் அவர்களை இணங்கச் செய்தார். தம்பி சிவராமும் அணியில் சேர்ந்தார்.

பெருநகரின் சூழல் பூனாவைவிட வேறுபட்டிருந்தது. இரயில் வண்டியிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் பல சாதியினர் நெருங்கியிருக்க வேண்டிய நகரில், காலப்போக்கில் அணியினர் பல்வங்கர் உடன்பிறந்தாருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணத் தொடங்கினர்.

1906 போட்டி

1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் நடந்த போட்டி, இந்தியத் துடுப்பாட்ட வரலாற்றில் முக்கியமான ஒன்றாகும். இந்துக்கள் முதல் ஆட்டத்தில் 242 ஓட்டங்களும் இரண்டாம் ஆட்டத்தில் 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களில் ஆட்டமிழந்தனர். 109 ஓட்டங்களால் இந்துக்கள் வென்றனர். ஐரோப்பியரை வீழ்த்தியதில் பாலூவின் பங்கு பெரிது. முதல்தர ஆட்டத்தில் அவர் அடியெடுத்து வைத்தபோது ஏறத்தாழ முப்பது வயது ஆகியிருந்தது. பந்து வீச்சாளரின் இளமை முழுவதும் பிறருக்கு வலைப்பயிற்சி தருவதிலேயே கழிந்துவிட்டது என்பதை அவருடைய புள்ளிவிவரங்களைப் பார்ப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

வங்காளப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. எனவே நாடெங்கும் இவ்வெற்றி கொண்டாடப்பட்டது. இந்தியன் சோசியல் ரிபார்மர் என்னும் இதழ் வேறொரு கோணத்திலிருந்து பார்த்தது. தஞ்சை மாவட்டத்தவரான காமாட்சி நடராசன் ஆசிரியராக இருந்த இவ்விதழ் 1890இல் சென்னையில் தொடங்கப்பட்டுப் பின்னர் பம்பாய்க்குச் சென்றதாகும். பூனாவில் வெளியே மண் குவளையில் தேநீர் பெற்ற உடன்பிறந்தார், பம்பாயில் அணியுடன் ஒன்றாக உண்டு, ஒன்றாக வென்றனர் என்பதே அதன் பார்வையில் பெரிய செய்தியாக இருந்தது. சாதி வேற்றுமையைக் கைவிட்டதன் பயன் இவ்வெற்றி என அது எழுதியது.

உலகின் பிற இடங்களிலும் இதே காலத்தில் இக்கேள்வி எழுந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் மிக விரைவான பந்து வீச்சாளர்களுள் ஒருவரான குரோம் கென்றிக்சு, வெள்ளையர் அல்லர் என்பதற்காகவே 1894ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் சேர்க்கப்படவில்லை. அமெரிக்கக் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் சேக் சான்சன் 1908இல்தான் உலக மிகுஎடைப் பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்புப் பெற்று வென்றார். பாலூ இருவகைத் தடைகளுக்கு நடுவில் நின்றார். வெள்ளையர் கழகத்தில் அவர் பணியாள். தம்மவர் கழகத்தில் தீண்டத்தகாதவர்.

1907 முதல் இந்துக்கள், பார்சிகள், ஐரோப்பியர் ஆகிய மூன்று அணிகளும் ஆண்டுதோறும் மோதின. 1912இல் இசுலாமியரும் சேர்ந்ததால் அது நான்கணிப் போட்டியாயிற்று. இப்போட்டிகளில் பாலூ தொடர்ந்து சிறப்பாகப் பந்து வீசினார்.

1911 இங்கிலாந்துப் பயணம்

1911ஆம் ஆண்டு பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் தலைமையில் அனைத்திந்திய அணி ஒன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. (1886, 1888 ஆண்டுகளில் சென்றவை பார்சிகள் மட்டுமே கொண்ட அணிகள்.) இவ்வணியில் பார்சிகளும் இசுலாமியரும் இந்துக்களும் இருந்தனர். விக்கெட் காப்பாளராகச் சென்ற சேசாச்சாரி சென்னையில் பிறந்தவர். பாலூவின் பந்துக்குப் பின்னால் நின்றவர் தமிழ்நாட்டவர் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி.

பயணம் பொதுவாகத் தோல்வியில் முடிந்தது. 14 முதல்தர ஆட்டங்களில் 2 வெற்றி, 10 தோல்வி. மன்னர் ஆட்டத்தைவிட விருந்துகளில் அதிக நாட்டம் காட்டினார். பாலூவுக்குத் தோள்வலி வேறு. அப்படியிருந்தும் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அவர் 114 விக்கெட்டுகளை 18.84 என்ற சராசரியில் கைப்பற்றினார். அவற்றுள் முதல்தர ஆட்டங்களில் பெற்றவை 75. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே ஆட்டப்பகுதியில் 103 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகள் எடுத்தது அவருடைய வாழ்நாளின் மிகச்சிறந்த பந்து வீச்சாகும். லெசுட்டர்சயர் அணியை வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட்டுகள் எடுத்தார். மற்றொரு வெற்றி சோமர்செட்டுக்கு எதிராகக் கிடைத்தது. ஒரு விக்கெட்டு மட்டுமே மிஞ்சியிருந்த அந்த ஆட்டத்தைச் சதமடித்து வென்று கொடுத்தவர் தம்பி சிவராம். ஆக, அப்பயணத்தின் இரு வெற்றிகளிலும் பல்வங்கர் குடும்பத்தின் கை இருந்தது.

நாடு திரும்பிய பாலூவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பாராட்டு விழா எடுத்தனர். அப்போது எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் அவ்விழாவின் வரவேற்பிதழில் பங்கு கொண்டார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவ்விளைஞர் பீ. ரா. அம்பேத்கர். தம் மக்களுள் ஒருவர் தகுதியால் மட்டுமே நாடறிந்த புகழ் பெற முடியும் என்பதற்குக் கண்முன் நின்ற சான்றாகப் பாலூ அன்றைய இளைஞர்களுக்கு விளங்கினார்.

அணித்தலைமைச் சிக்கல்

இவ்வளவு திறமையும் மூப்பும் இருந்தும் இந்துக்கள் அணியின் தலைமை பாலூவுக்கு ஒருபோதும் தரப்படவில்லை. 1913இல் தலைவராக அமர்த்தப்பட்ட எம். டி. பை, தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, மூத்தவரான பாலூவுக்கே அப்பொறுப்பு சென்றிருக்க வேண்டும் என்று கூறினார். பை பிராமணர். அவருடைய நேர்மையை எல்லோரும் மதித்தனர். ஆனால் தேர்வுக்குழு தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

1920ஆம் ஆண்டு நான்கணிப் போட்டியில் சிக்கல் வெடித்தது. பை உடல்நலமின்றி இருந்ததால் வேறு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்வுக்குழு பாலூவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, பூனாவைச் சேர்ந்த தி. ப. தேவ்தரைத் தலைவராக்கியது. தேவ்தர் பட்டம் பெற்றவர், நல்ல மட்டையாளர், பிராமணர். ஆட்ட அனுபவத்தில் பல்வங்கர் உடன்பிறந்தாருக்கு மிக இளையவர். சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். சாதியைக் காரணமாக வைத்துத் தகுதியுடையோரை ஒதுக்குவது தங்கள் தன்மானத்துக்கு இழுக்கு என்னும் பொருளில் அறிக்கையும் வெளியிட்டனர். கண்பத் அவ்வாண்டே இளம் வயதில் மறைந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இது தனியொருவரின் மனக்குறையாக நின்றுவிடவில்லை. தீண்டாமை ஒழிப்பைக் காந்தி தேசிய இயக்கத்தின் வேலைத்திட்டத்தில் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. செய்தித்தாள்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. பொதுமக்கள் ஆதரவு உடன்பிறந்தார் பக்கம் திரும்பியது. தேர்வுக்குழு பணிந்தது. பை குணமடைந்து தலைமையேற்க, பாலூ துணைத்தலைவராக அணிக்குத் திரும்பினார், தம்பியரும் ஆடினர். ஆட்டத்தின் நடுவில் பை வேண்டுமென்றே களத்தைவிட்டு வெளியேறி, சிறிது நேரம் அணியைப் பாலூ நடத்தும்படி செய்தார். பாலூ இந்துக்கள் அணியை வழிநடத்தியது அந்தச் சிறிது நேரம் மட்டுமே. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய முதல்தர ஆட்டங்கள் அவ்வளவில் நிறைவுற்றன.

அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது. 1923இல் விட்டல் அணித்தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபோது மக்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினர். 1923 முதல் 1926 வரை அவர் தலைமையில் ஆடிய நான்கு போட்டித்தொடர்களில் மூன்றை இந்துக்கள் வென்றனர். சாதி பார்க்காது தலைவரைத் தேர்ந்தால் அணி சிதறிவிடும் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுமொழி தேவைப்படவில்லை. விட்டல் பிற்காலத்தில் தம் துடுப்பாட்ட வாழ்க்கையை மராத்தியில் நூலாக எழுதினார். குடும்பம் பட்ட துன்பங்களை அறிய அது முதன்மையான சான்றாக உள்ளது.

அரசியல் வாழ்வு

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பாலூ பொதுவாழ்வில் ஈடுபட்டார். காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பணியில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. இந்து சமயத்துக்குள் இருந்துகொண்டே, சாதி இந்துக்களின் மனமாற்றத்தின் வழியாகச் சமநிலை பெற முடியும் என்று அவர் கருதினார். அவருடைய வாழ்க்கை அனுபவமும் அதையே காட்டியது. மண் குவளையில் தொடங்கித் தம்பி அணித்தலைவரானது வரை அவர் கண்டதெல்லாம், மெதுவாகவேனும் திறக்கும் கதவுகள். அதே காலத்தில் நிலமற்ற கூலியாகவும் தோட்டியாகவும் வாழ்ந்த பெரும்பான்மையினருக்கு அக்கதவுகள் அசையவே இல்லை. இந்த வேறுபாட்டில்தான் பாலூவுக்கும் அம்பேத்கருக்கும் இடையிலான பிளவு வேர்கொண்டது.

இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக வாதாடினர். தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையைக் காந்தி எதிர்த்தார். சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜா, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் 1932இல் உடன்பாடு செய்துகொண்டு, இடஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத்தொகுதி முறையை ஆதரித்தார். பாலூ ராஜாவின் பக்கம் நின்றார். ஆக, தமிழ்நாட்டின் இரு பெருந்தலைவர்களும் இப்போராட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் இருந்தனர்.

1932 ஆகஸ்டில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித்தொகுதிகளாக 71 இடங்களை வழங்கியது. அதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். அந்நாட்களில் பாலூவும் ராஜாவும் அம்பேத்கரிடம் சென்று இணக்கம் காணும்படி வேண்டினர். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித்தொகுதி கைவிடப்பட்டு, மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. கையொப்பமிட்டோர் பட்டியலில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி ஆகியோருடன் பாலூவின் பெயரும் உள்ளது. ஒருகாலத்தில் அவர் களம் கூட்டிய அதே பூனா நகரில் இது நிகழ்ந்தது.

ஒப்பந்தத்தின் பயன் குறித்து இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. இடங்கள் இரு மடங்காயின என்பர் ஒரு சாரார். சாதி இந்துக்களின் வாக்குகளே வேட்பாளரைத் தீர்மானிக்கும் நிலை வந்தது என்பர் மறு சாரார். அம்பேத்கரும் பின்னாளில் இவ்வாறே கூறினார். ராஜாவும்கூட, சென்னை சட்டமன்றத்தில் தாம் 1938இல் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவைக் காங்கிரசு அமைச்சரவை ஆதரிக்காததால் மனம் கசந்து, பின்னர் அம்பேத்கரின் கருத்துக்கு நெருங்கி வந்தார். பாலூ அவ்வாறு மாறவில்லை.

1933இல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை சார்பில் நின்று தோற்றார். 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தபோது பாலூ அதை வெளிப்படையாக எதிர்த்தார். மதம் மாறுவது தம் மக்களுக்குத் தற்கொலைக்கு ஒப்பானது என்பது அவர் கருத்து.

1937 தேர்தல்

1937 தொடக்கத்தில் நடந்த மாகாண சட்டமன்றத் தேர்தலில், பம்பாய் நகரில் அம்பேத்கர் போட்டியிட்ட தொகுதியில் காங்கிரசு பாலூவை நிறுத்தியது. அம்பேத்கர் தாம் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் நின்றார். அவரை எதிர்க்க மக்கள் அறிந்த முகம் ஒன்று தேவைப்பட்டது. ஒடுக்கப்பட்ட வகுப்பிலேயே பிறந்து, எல்லாச் சாதியினராலும் விரும்பப்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் இருக்கையில் கட்சி வேறெங்கும் தேடவில்லை. பாலூ தயக்கத்துடனேயே உடன்பட்டார் என்பர்.

உட்சாதி வேறுபாடும் இதில் இடம்பெற்றது. அம்பேத்கர் மகர் சமூகத்தவர். பாலூ சம்பார் சமூகத்தவர். மராட்டியத்தின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே மகர்கள் எண்ணிக்கையில் மிக்கவர்கள், அரசியலில் முன்னின்றவர்கள். மற்றவர்கள் தாங்கள் பின்தள்ளப்படுவதாக அஞ்சினர். இவ்வச்சத்தைக் காங்கிரசு பயன்படுத்திக்கொண்டது என்னும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை.

முடிவில் அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலூ 11,225 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 2,020 வாக்குகள். அரசியலில் பெரிய அனுபவமில்லாத அறுபது வயதுக்காரர் ஒருவர் அம்பேத்கரை இவ்வளவு நெருங்கியது, பம்பாய் மக்கள் அவர்மீது வைத்திருந்த அன்பைக் காட்டுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எந்தப் பந்து வீச்சாளருக்கு வரவேற்பளித்தாரோ, அவரையே தேர்தல் களத்தில் எதிர்கொள்ள வேண்டிய நிலை அம்பேத்கருக்கு நேர்ந்தது.

ஆட்ட முறையும் பதிவுகளும்

பாலூ இருபுறமும் பந்தைச் சுழற்ற வல்லவர். பந்தின் உயரத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றி வீசி மட்டையாளரை ஏமாற்றுவார். குறி தவறாமல் நெடுநேரம் வீசும் ஆற்றல் வலைப்பயிற்சிக் காலத்தில் கிடைத்தது. இங்கிலாந்தின் வில்பிரெட் ரோட்சுடன் அவரை ஒப்பிடுவதுண்டு. முதல்தரத் துடுப்பாட்டத்தில் 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகளை 15.21 என்ற சராசரியில் எடுத்தார். இந்தியா தேர்வுத் துடுப்பாட்டம் ஆடத் தொடங்கியது 1932இல் என்பதால் அவருக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

மறைவும் நினைவும்

பாலூ 1955 சூலை 4 அன்று பம்பாயில் காலமானார். சாந்தாகுரூசில் நடந்த இறுதிச் சடங்கில் துடுப்பாட்ட வீரர்களும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர்களும் கலந்துகொண்டனர். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவர் பெயர் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. இந்தியத் துடுப்பாட்டத்தின் தொடக்க கால நாயகர்களாக மன்னர்களையும் இளவரசர்களையும் மட்டுமே எழுதி வந்த நூல்களில் களம் கூட்டியவருக்கு இடம் கிடைக்கவில்லை. ரஞ்சித்சிங், துலீப்சிங் ஆகியோர் பெயரில் கோப்பைகள் உள்ளன. 1920இல் பாலூவுக்குப் பதிலாகத் தலைவராக்கப்பட்ட தேவ்தர் பெயரிலும் ஒரு கோப்பை உண்டு.

இராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட இந்தியத் துடுப்பாட்டத்தின் சமூக வரலாற்று நூல் பல்வங்கர் உடன்பிறந்தாரைப் பற்றி விரிவாக எழுதி, பாலூவை இந்தியாவின் முதல் பெரும் துடுப்பாட்ட வீரர் என நிறுவியது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த லகான் என்னும் இந்தித் திரைப்படத்தில் தீண்டத்தகாத சுழற்பந்து வீச்சாளராக வரும் கச்ரா என்னும் பாத்திரம் இவரை ஒத்திருப்பதாகப் பலர் குறிப்பிடுவர். அப்பாத்திரத்துக்குப் பந்து சுழல்வது அவருடைய ஊனமுற்ற கையால். பாலூவுக்கோ, ஐரோப்பியர் கழகத்தின் வலையில் பல ஆண்டுகள் இடைவிடாது வீசிய பயிற்சியால்.